மூன்று ஸ்பூன்

ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. பள்ளிக்கூடத்தில் படித்து மறந்துபோன இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பதினோரு மாதம் என் அப்பாவை ஏமாற்றினேன். 15 மில்லி பிடிக்கும் ஒரு பெரிய ஸ்பூன் எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி. காலையில் ஒன்று, மதியம் ஒன்று, ராத்திரி ஒன்று. அவருக்குத் தெரியாமல்.

அப்பாவுக்கு அறுபத்தொன்பது வயது. மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நீண்ட நாள் ரத்த அழுத்தம் சிறுநீரகத்தைக் கெடுத்து, இப்போது நான்காம் நிலையில் இருக்கிறது. டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை. அதைத் தள்ளிப்போடத்தான் உணவுக் கட்டுப்பாடு. உப்பு குறைவு, புரதம் குறைவு, பொட்டாசியம் குறைவு. வாழைப்பழம், இளநீர், தக்காளி, கீரை எல்லாம் போயிற்று. காய்கறியைப் பொடியாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பொட்டாசியத்தில் ஒரு பங்கு தண்ணீரோடு போகும். ருசி முழுசாகப் போகும். இந்துப்பு நல்லது என்று யாரோ சொல்ல, பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு ஒன்றை வாங்கப்போய் நான் திட்டு வாங்கியது தனிக்கதை.

இதற்கெல்லாம் முன்பே அப்பாவுக்கு இன்னொரு கட்டுப்பாடு இருந்தது. அது அவரே போட்டுக்கொண்டது. 2009-இல் பெரியப்பா மாரடைப்பில் இறந்தார். ஐம்பத்தெட்டு வயது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் நெய்ப்பிரியர்கள். சின்ன வயதில் நெய்க்கிண்ணத்தை வழித்துத் தின்று பாட்டியிடம் அடி வாங்கிய கதையை இருவரும் ஒரே மாதிரி சொல்வார்கள், வழித்தது யார் என்பது மட்டும் மாறும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்தவர், இனி நெய்யும் எண்ணெயும் தொடமாட்டேன் என்றார். தொடவில்லை. தோசைக்கல்லில் வெங்காயத்தை வைத்துத் தேய்த்து வார்த்த வறட்டுத் தோசைதான் அதன்பிறகு.

இப்போது இரண்டு கட்டுப்பாடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். புரதம் கிடையாது, கொழுப்பு கிடையாது. மிச்சம் என்ன? சோறு. அதையும் அவர் குறைத்துக்கொண்டே வந்தார். 63 கிலோ இருந்தவர் 54-க்கு வந்தார். சட்டைத் தோள் கீழே இறங்கியது. கைக்கடிகாரம் முழங்கை வரை போய்த் திரும்பியது.

உணவு ஆலோசகர் ஒரு இளம்பெண். பொறுமையாக விளக்கினார். இவருக்கு நாளைக்கு ஏறக்குறைய 1,650 கலோரி வேண்டும், 1,150-தான் உள்ளே போகிறது. போதாதபோது உடம்பு சும்மா இருக்காது, சொந்தத் தசையை எரிக்கும். தசை என்பது புரதம். எரிந்த புரதத்தின் கழிவு யூரியா. அதை வெளியேற்ற வேண்டியது அதே சிறுநீரகம். வெளியிலிருந்து வரும் புரதத்தைக் குறைத்துவிட்டு உள்ளேயிருந்து புரதத்தை ஊற்றுகிறீர்கள், அதனால் என்ன லாபம் சார் என்று கேட்டார். புரதமோ பொட்டாசியமோ ஏறாமல் கலோரி ஏற வேண்டும் என்றால் வழி இரண்டுதான்: எண்ணெய், சர்க்கரை. சர்க்கரை நோய் இல்லாததால் அதுவும் தரலாம். ஜவ்வரிசிக் கஞ்சி நல்லது, அது கிட்டத்தட்ட வெறும் மாவுச்சத்து.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும், "நல்ல பொண்ணு. சின்னப் பொண்ணு" என்றார். ஜவ்வரிசிக்கு ஒத்துக்கொண்டார். எண்ணெய்க்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரம் பேசினோம். டாக்டர் ஃபோனில் பேசினார். "எங்கண்ணன் எதனால செத்தான்னு எனக்குத் தெரியும்" என்பதோடு எல்லாப் பேச்சும் முடிந்தது.

அதற்குப் பிறகுதான் அம்மாவும் நானும் சமையலறையில் நின்று பேசினோம். இடியாப்ப மாவில் பிசையலாம். சோறு வடித்த சூட்டில் கிளறலாம். வேகவைத்த காயில் கலக்கலாம். நான் ஒரு விரிதாளே போட்டேன். எந்த வேளைக்கு எத்தனை மில்லி, ஜவ்வரிசியும் சர்க்கரையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு. 490 வந்தது. பற்றாக்குறை 500. அந்தப் பொருத்தம் தந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. அப்பாவின் வாழ்க்கை எனக்கு ஒரு நிமிடம் தீர்த்துவைத்த டிக்கெட்டாகத் தெரிந்தது.

இது தப்பா என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் கேள்வியையே புரிந்துகொள்ளவில்லை. "நாப்பது வருஷமா என்ன போடறேன், எவ்வளவு போடறேன்னு யார்கிட்ட சொல்லிட்டு சமைச்சேன்? உங்கப்பா எப்போ கேட்டிருக்காரு?" என்றாள். இது லேசான வாதம் இல்லை. சமைப்பவள் எதையும் அறிவித்துவிட்டுச் சமைப்பதில்லை. காய்ச்சலில் கிடந்த நாளில் கஞ்சிக்குள் என்ன இருந்தது என்று நானும் கேட்டதில்லை. சாப்பிடுவது என்பதே ஒருவர் கையை நம்புவதுதான். அம்மாவின் கணக்கில் அப்பா அவள் கையை நம்பியிருக்கிறார், பொருள்பட்டியலை அல்ல. நான் அந்த வாதத்தைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

முதலில் நெய்தான் கலந்தோம். ஒரே ஒரு ஸ்பூன், மதியச் சோற்றில். மூன்றாம் நாள் அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "நெய் வாசம் வருதே?" என்றார்.

"பக்கத்து வீட்டுல மைசூர்பாகு கிண்டுறாங்க" என்றாள் அம்மா.

அதுவரை நடந்தது சமையல் என்று வாதாடலாம். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு முடியாது. கேட்காதவரிடம் சொல்லாமல் இருப்பது வேறு. கேட்டவரிடம் இல்லாத மைசூர்பாகைக் கிண்டுவது வேறு. அன்று மாலை நான் செய்த காரியம் அதைவிட மோசம். நெய் வேண்டாம், வாசனையே இல்லாத ரீஃபைண்ட் எண்ணெய்க்கு மாறிவிடுவோம் என்று சொன்னேன். தேங்காயெண்ணெயும் வேண்டாம், அதுவும் காட்டிக்கொடுக்கும். என் வேலையில் பாதுகாப்புச் சோதனை செய்யும்போது, தாக்க வருபவன் எங்கெல்லாம் நுழைவான் என்று யோசித்து ஒவ்வொரு வழியாக அடைப்போம். அப்பாவின் மூக்கு அன்று எனக்கு அடைக்க வேண்டிய வழியாக இருந்தது. அவருக்காக யோசிப்பதாகச் சொல்லிக்கொண்டு அவருக்கு எதிராக யோசித்துக்கொண்டிருந்தேன்.

தமிழில் படித்த எவருக்கும் இந்த இடத்தில் ஞாபகம் வருவது குறளின் வாய்மை அதிகாரம்தான். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்று வள்ளுவர் சலுகை தருகிறார். நானும் அந்தச் சலுகையில் ஒதுங்கினேன். நன்மை என்ற சொல்லை மட்டும் பார்த்தேன், அதற்கு முன்னால் நிற்கும் நிபந்தனையைப் பார்க்கவில்லை. வெறும் நன்மை போதாது, குற்றம் நீங்கிய நன்மையாக இருக்க வேண்டும். ஒரு நன்மையில் குற்றம் இல்லை என்று யார், எப்போது சொல்ல முடியும்? கலக்கும் அன்றைக்கே சொல்ல முடியாது. பொய் எங்கெல்லாம் போய் என்னென்ன செய்யும் என்பது தெரிந்த பிறகுதான் அந்தச் சான்றிதழ் தர முடியும். அதற்குள் பொய் சொல்லி முடித்திருப்போம்.

(அதே நூலில் மருந்து அதிகாரத்தை எடுத்துப் பார்த்தால் மருந்தைவிட சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் இருக்கிறது. பெரும்பாலும் அளவு, அளவு, அளவு. ஆனால் முதல் குறளே கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல் என்றுதான் தொடங்குகிறது. பரிமேலழகர் அதை உணவுக்கும் பொருத்துகிறார். நம் வீடுகளில் 'கூடினாலும்' மட்டும்தான் நின்றது. கொஞ்சமாகச் சாப்பிடுகிறவரை ஊரே மெச்சும்.)

ஸிஸெலா போக் என்ற தத்துவ ஆசிரியர் 1978-இல் பொய்யைப் பற்றி மட்டுமே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். மருத்துவர் நோயாளியிடமும் பெற்றோர் பிள்ளையிடமும் சொல்லும் நல்லெண்ணப் பொய்களுக்கு அதில் தனி அத்தியாயம் உண்டு. பொய் சொல்பவர் தன் பொய்யின் நன்மையைக் கூட்டியும் கேட்டைக் குறைத்தும் மதிப்பிடுவார், அதனால் ஏமாற்றப்படுபவரின் இடத்தில் நின்று பாருங்கள் என்கிறார். நின்று பார்த்தேன். அப்பாவின் இடத்தில் நின்றால் எனக்கு முதலில் தெரிந்தது எண்ணெய் இல்லை, சமையலறைக் கதவு. அதற்குப் பின்னால் மனைவியும் மகனும் குசுகுசுவென்று பேசும் சத்தம். ஆனால் அந்த இடத்தில் நான் ரொம்ப நேரம் நிற்கவில்லை. 54 கிலோ 55 ஆகியிருந்தது.

சாப்பாட்டில் மருந்தை ஒளித்துக் கொடுப்பது பற்றி இங்கிலாந்தில் தெளிவான நடைமுறை இருக்கிறது. தானே முடிவெடுக்கும் திறன் உள்ளவருக்கு அப்படிக் கொடுக்கவே கூடாது. திறன் இல்லாதவருக்கும்கூட மருத்துவரும் குடும்பத்தாரும் கலந்து பேசி எழுதிவைத்துத்தான் செய்ய வேண்டும். இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. என் அப்பா வருமான வரிக் கணக்கை இன்றும் தானே போடுகிறவர், திறனுக்கு ஒரு குறையும் இல்லை. அப்படியானால் திறனோடு மெலிந்து சாக விட்டுவிட வேண்டுமா? எண்ணெய் என்ன மருந்தா? அவர் மறுப்பது நோயைப் பற்றிய தகவலையா, அண்ணனின் சாவையா? தப்பான தகவலின்மேல் எடுத்த முடிவு முடிவே அல்ல என்றுகூட ஒரு வாதம் கட்டி வைத்திருந்தேன். இப்போதும் அதில் பாதி சரி என்றுதான் நினைக்கிறேன். மீதிப் பாதி, அந்தத் துக்கத்தைத் தகவல் பிழை என்று சொல்ல எனக்கு என்ன உரிமை என்பது.

இவை எல்லாம் அப்பாவுக்கும் எனக்கும் நடுவிலான கேள்விகள். அவருடைய உரிமை, என் கடமை. எல்லாப் புத்தகங்களும் பெரும்பாலும் அப்படித்தான் பேசுகின்றன, நானும் அப்படித்தான் யோசித்தேன். நான் யோசிக்காத மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தார்.

அதற்கு முன் கிரியேட்டினின் பற்றிக் கொஞ்சம். சிறுநீரகத்தின் நிலையைச் சொல்ல ரத்தத்தில் இதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கூடினால் சிறுநீரகம் மோசம் என்று எல்லோருக்கும் தெரியும். அது எங்கிருந்து வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. தசையிலிருந்து வருகிறது. தசை கரைந்தால் கிரியேட்டினின் உற்பத்தியே குறையும், சிறுநீரகம் ஒரு அணுவும் தேறாமல் எண் மட்டும் தேறும். அப்பா மெலிந்துகொண்டிருந்த எட்டு மாதத்தில் 3.1-லிருந்து 2.7-க்கு வந்தது. அவர் அதைத் தன் விரதத்தின் பலன் என்று எடுத்துக்கொண்டார். பிறகு நாங்கள் எண்ணெய் கலந்தோம். யூரியா குறைந்தது, எடை ஏறியது, படி ஏறும்போது மூச்சு வாங்குவது நின்றது. அதையும் அவர் தன் விரதத்தின் பலன் என்றே எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்ள முடியும்? அவர் கையில் இருந்த தரவு அதுதான். முதல் எண்ணைப் பொய்யாக்கியது அவர் உடம்பு. இரண்டாவதைப் பொய்யாக்கியது நான்.

அப்பா கணக்குக்காரர். நோட்டுப் போட்டு எழுதிவைப்பவர். உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரம் தினமும் நடக்கப்போகிற கூட்டத்தில் அந்த நோட்டுக்கு மரியாதை உண்டு. அதில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர், அவருக்கும் சிறுநீரகக் கோளாறு. கூடவே சர்க்கரை, இன்சுலின் போட்டுக்கொள்பவர். அப்பா அவருக்கு மாதக்கணக்கில் பாடம் எடுத்திருக்கிறார். "வாயைக் கட்டினா கிரியேட்டினின் இறங்குது. எண்ணெயே இல்லாம எனக்கு வெயிட்டும் ஏறுது பாரு." மாமா நம்பினார். ராத்திரிச் சாப்பாட்டை ஒரு இட்லியும் அரை டம்ளர் நீர்மோருமாக்கினார். இன்சுலினைக் குறைக்கவில்லை. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இன்சுலின் ரத்தத்தில் அதிக நேரம் தங்கும். ஒருநாள் விடியற்காலை உடம்பெல்லாம் வியர்த்து, மனைவியையே யாரென்று தெரியாமல் உளறியிருக்கிறார். சர்க்கரை அளவு 41. சமயத்தில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததால் பிழைத்தார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அவன் இன்சுலினை கவனிக்காம விட்டுட்டான். மத்தபடி டயட் சரிதான்" என்றார்.

நான் மடிக்கணினியை மூடினேன். என் தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. நிரல் தப்பாக எழுதலாம், எல்லோரும் எழுதுகிறோம். லாகைத் திருத்தக் கூடாது. ஏனென்றால் அதை வாசித்து இன்னொருவர் எங்கோ ஒரு முடிவெடுப்பார், அவர் யாரென்றுகூட உனக்குத் தெரியாது. ஏமாற்றப்பட்டவர் ஏமாந்ததோடு நிற்பதில்லை. ஏமாந்ததை அறிவாக மாற்றி, நல்ல மனதோடு, அடுத்தவருக்குக் கொடுக்கிறார். அப்பாவின் சுதந்திரத்தைப் பற்றி அத்தனை யோசித்த நான், அவர் ஒரு ஆசிரியர் என்பதை யோசிக்கவில்லை. நோயாளி என்று ஆனபிறகு அவரிடமிருந்து யாருக்கும் எதுவும் போகும் என்றே எனக்குத் தோன்றவில்லை போல.

அம்மா வேண்டாம் என்றாள். "சொன்னா சாப்பாட்டையே விட்டுடுவாரு. அந்த மாமாகிட்ட நீ தனியாப் போய் சொல்லிக்கோ." அதையும் யோசித்தேன். ஆனால் மாமாவிடம் என்ன சொல்வது? எங்கப்பா சொல்வதை நம்பாதீர்கள், நாங்கள் அவரை ஏமாற்றுகிறோம் என்றா? ஒரு பொய்யைக் காக்க ஊரில் எத்தனை பேரைக் கூட்டுச் சேர்ப்பது?

மொட்டைமாடியில் சொன்னேன். துணி காயப்போட்டிருந்தது. பார்க்காமல் பேச அது வசதியாக இருந்தது.

"எவ்வளவு நாளா?"

"பதினோரு மாசம்பா."

"எவ்வளவு?"

"நாளைக்கு மூணு பெரிய ஸ்பூன்."

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே தலையை ஆட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. மனதுக்குள் கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. பிறகு கீழே போய்ச் சட்டையை மாட்டினார். எங்கே என்று அம்மா கேட்டதற்கு, "அவனுக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன்ல" என்றார். செருப்பைத் தப்புக் காலில் மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு போனார்.

நான் எதிர்பார்த்தது கோபத்தை. அது அவருக்கு இரண்டாவதாகத்தான் வந்தது. வந்தபோது சத்தமில்லாமல் வந்தது. இரண்டு நாள் அம்மா கையால் சாப்பிடவில்லை. தானே அரிசியைக் கழுவி, தானே கஞ்சி வைத்து, உப்பில்லாமல் குடித்தார். அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி நாற்பத்தோரு வருடத்தில் அவர் அடுப்பு பற்றவைத்து அவள் பார்த்ததில்லை. "என்னங்க, நான் வைக்கிறேன்" என்றதற்கு, "எனக்கு என்ன போகுதுன்னு எனக்குத் தெரியணும்" என்றார். அந்த இரண்டு நாளில் நான் சொல்லியிருக்கக் கூடாது என்று குறைந்தது பத்துத் தடவை நினைத்தேன்.

மூன்றாம் நாள் விரிதாளைக் கேட்டார். அச்செடுத்துக் கொடுத்தேன். பேனாவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். ஜவ்வரிசிக்கு நான் போட்டிருந்த கணக்கில் ஒரு கூட்டல் பிழை இருந்தது, அதைத் திருத்தினார். பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களை எடுத்து வந்து தேதிவாரியாகப் பக்கத்தில் வைத்தார். யூரியா எந்த மாதம் இறங்கியது, நாங்கள் எந்த மாதம் ஆரம்பித்தோம் என்று பென்சிலில் கோடு போட்டார். கிரியேட்டினின் தசையிலிருந்து வருகிறது என்று நான் சொன்னதை நம்பவில்லை. அந்தச் சின்னப் பெண்ணுக்கு ஃபோன் போட்டுக் கேட்டார். அரைமணி நேரம் பேசினார்கள். முதல் தடவை நாங்கள் மூன்று வாரம் பேசியும் நடக்காதது இது. அன்று எங்களிடம் இருந்தது அறிவுரை. இப்போது அவர் கையில் அவருடைய சொந்த உடம்பின் பதினோரு மாதச் சான்று இருந்தது. அந்தச் சான்று பொய்யால்தான் கிடைத்தது என்பதை நான் மறைக்கவில்லை. இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இப்போது சாப்பாட்டு மேசையில் எண்ணெய்ப் புட்டியும் அளவு ஸ்பூனும் இருக்கின்றன. அம்மா எண்ணெயில்லாமல் சமைத்து வைப்பாள், அவரே ஊற்றிக் கிளறிக்கொள்வார். நெய் மட்டும் கிடையாது. "அது வேற விஷயம்" என்றார், யாரும் மேலே கேட்கவில்லை. சமைத்த பிறகு ஊற்றும் எண்ணெய் சமையலோடு சேர்வதில்லை, சோறு வழவழவென்று இருக்கிறது என்கிறார். அம்மாவுக்கு அதில் வருத்தம். தன் சமையலை மேசையில் வைத்து இன்னொருவர் முடிப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. மாமா இன்சுலின் அளவை மாற்றிக்கொண்டு மறுபடி நடக்க வருகிறார்.

இதில் ஒரு கணக்கு எனக்கு இடிக்கிறது. அப்பா ஊற்றிக்கொள்வது இரண்டு ஸ்பூன், மூன்று அல்ல. நாங்கள் ஏமாற்றியபோது 56.5 வரை போன எடை இப்போது 55.8. உண்மைக்கு நாளொன்றுக்கு 120 கலோரி விலை. போன வாரம் மூன்றாவது ஸ்பூனைப் பற்றிப் பேச்செடுத்தேன். நோட்டிலிருந்து நிமிராமலே, "இந்த மாசம் ரெண்டு. பதினாலாம் தேதி ரத்தம் குடுக்கிறேன். ரிசல்ட் வரட்டும், பேசுவோம்" என்றார்.